கொளவாய்த் திமிங்கிலம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை

செங்கல்பட்டு
12 ஜூன் 2025

எங்கள் வம்சத்தின் ஒரே அறிவுச்சுடரான மருமகள் திவ்யாவுக்கு,

உன் தாய்மாமன் ஜெகதீசன், இரண்டு லாரிகளின் அதிபதி (ஒன்று ஓடும்), ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை வேண்டாவும் நலம். என் சர்க்கரை எங்கள் இருவரையும்விட நலம். புனேயில் நீ எப்படி இருக்கிறாய், சோற்றைக் கண்ணால் பார்த்து எத்தனை நாள் ஆகிறது என்று எழுது.

முதலில் ஒரு சத்தியம் செய்துவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். மாமல்லபுரத்துக் கல்யானை எழுந்து நடந்து வந்து சாட்சி சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் பீரங்கி தானாக வெடித்தது என்று நான் போட்ட ஒரே ஒரு செய்திக்காகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்களே, அன்றிலிருந்து தபால்துறையை மட்டுமே நம்பி வாழ்கிறேன். ஆகவே இது கடிதம்.

விஷயம் இதுதான். நான் நாவல் எழுதிவிட்டேன். பெயர் 'கொளவாயில் திமிங்கிலம்'. பருவநிலை மாற்றம் பற்றிய விஞ்ஞான மர்ம நாவல். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் போட்டதால் அட்டை ஓரத்தில் ஒரு நாதஸ்வரம் தெரியும், அதைக் கண்டுகொள்ளாதே. ஆண்டு 2071. தண்ணீர் கேன் விற்கும் ஒரு சர்வதேசக் கும்பல் துருவப் பனியை ரகசியமாக உருக்குகிறது. கடல் பொங்குகிறது. முதல் பலி கடலோர மீனவர் ஊரான ஓடைக்குப்பம். பிறகு அணுபுரம், கேளம்பாக்கம், கடைசியில் நம் செங்கல்பட்டு. கொளவாய் ஏரியில் ஒரு திமிங்கிலம் குடியேறுகிறது. கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டில் கப்பல் கட்டுகிறார்கள். உலகத்தைக் காப்பாற்றுவது ஒரு லாரி ஆபீஸ் முதலாளி. ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார்.

வாசகர் உலகம் கொந்தளித்துக் கிடக்கிறது. உன் அப்பா, மாப்பிள்ளை கேசவன், அணுபுரத்திலிருந்து போன் செய்து, தன் குவார்ட்டர்ஸ் முதல் மாடி என்பதால் அத்தனை தண்ணீர் வர வாய்ப்பில்லை என்று வாதாடினார். பக்கத்துத் தெரு கலைவாணன் வாசலில் வந்து நின்று, "எங்க தெருவை மூழ்கடிச்சிட்டு மேட்டுத் தெருவ மட்டும் வுட்டு வச்சிக்கீற, அவனுங்க இன்னா உசத்தி?" என்று நியாயம் கேட்டார். கேளம்பாக்கத்து ஐ.டி. பையன் ஜோஷ்வா இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'ஷேர் ஆட்டோ கடலுக்கடியிலும் ஆள் ஏற்றும் இடம் மட்டும் எதார்த்தம்' என்று எழுதியிருக்கிறான். உன் அத்தை கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, ஏரித் தண்ணி நாற்றத்துக்குத் திமிங்கிலம் ஒரு மணி நேரம் தாங்காது என்றாள்.

ஒரு பிரதி தனியே அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டுப் புகழவும்.

உன் புகழ்பெற்ற மாமன்,
ஜெகதீசன்


புனே
24 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

திவ்யா எழுதுகிறேன். நான் நலம். சோறு வாரத்துக்கு மூன்று நாள் கிடைக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அத்தையிடம் தனியாகக் கேட்பேன்.

நாவலை ஒரே மூச்சில் படித்தேன். ஷேர் ஆட்டோ வரும் இடம் வாய்விட்டுச் சிரிக்க வைத்தது. ஆனால் கடற்கரையில் கட்டடம் கட்டலாமா கூடாதா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவதுதான் உங்கள் மருமகளின் சம்பளப் பிழைப்பு என்பதை மறந்துவிட்டீர்கள். கடல் லிஃப்ட் மாதிரி ஏறாது மாமா. வருடத்துக்கு அரிசி மணி அளவு ஏறும். அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு புயலில் மணலைத் தின்றுவிட்டுப் போகும், அதைத்தான் பார்ப்பார்கள். செங்கல்பட்டுக்கு எந்தக் காலத்திலும் திமிங்கிலம் வராது.

ஒரு வருத்தம். ஓடைக்குப்பம் என்று ஏன் உண்மைப் பெயரையே போட்டீர்கள்? அங்கே நிஜமாகவே ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த மாதம் எனக்கு வேலை அதிகம். நம் பக்கத்துக் கடற்கரை சம்பந்தப்பட்டதுதான். முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
திவ்யா


செங்கல்பட்டு
9 ஜூலை 2025

அரிசி மணி விஞ்ஞானி திவ்யாவுக்கு,

ஆசிகள். மாத்திரை போடுகிறேன். அத்தை சொல்வதை நம்பாதே, அவள் எதிர்க்கட்சி. உன் அம்மா துர்காதேவிக்கு முழங்கால் வலி தேவலை.

நீ கேட்ட அந்த நிஜ ஆட்களில் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாஸ்தா முடித்து, இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை யோசித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மீன் கூடை இறங்கியது. தெரு அதிர்ந்தது, எதிர்வீட்டில் ஒரு சுவர்க்கடிகாரம் விழுந்தது. வந்தது ஓடைக்குப்பத்துச் சந்திரம்மா. நம் மார்க்கெட்டில் மீன் விற்பவள், அத்தையின் வாடிக்கை. அவள் மருமகள் பூங்கொடி மத்தியான வேளைகளில் என் நாவலைச் சத்தமாக வாசித்திருக்கிறாள். வலை பின்னிக்கொண்டே ஊர் முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

"இன்னா அண்ணாத்த, மொத அலை வந்ததும் எங்க ஊரு ஆம்பளைங்க அல்லாம் மேக்கால ஓடிட்டாங்கன்னு எழுதிக்கீற?"

"கற்பனை, சந்திரம்மா."

"எஞ்சின எங்க?"

"எந்த எஞ்சின்?"

"போட்டு எஞ்சின். அத்த தோள்ல தூக்காம எவன் ஓடுவான்? பொண்டாட்டிய வுட்டுட்டு ஓடுவான். எஞ்சின வுட்டுட்டு ஓடமாட்டான்."

"எங்க வூட்லயும் அப்டித்தான். லாரி சாவிய எடுத்துகினு ஓடுவாரு" என்றாள் உன் அத்தை, உள்ளிருந்து.

நான் கம்பீரமாகச் சிரித்து வைத்தேன். சந்திரம்மா சிரிக்கவில்லை.

"சுனாமி அன்னிக்கு ஓடனோம். இல்லன்னு சொல்லல. அப்பால திரும்பி வந்தோம்ல? அதே எடத்துல வூடு கட்னோம்ல? ஓடனத எழுதற. வந்தத ஏன் எழுதல?"

எழுத்தாளனுக்குப் பதில் கிடைக்காத நேரங்களில் காபி கொடுப்பது நல்லது. கொடுத்தேன். குடித்துவிட்டு, "அடுத்த புஸ்தகத்துல மாத்து" என்று உத்தரவு போட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கிடக்கட்டும். பெரிய செய்தி வேறு. அச்சிட்ட பிரதிகள் அத்தனையையும் ஒரு கம்பெனி ஒரே நாளில் வாங்கிவிட்டது. மக்களுக்கு இலவசமாக வழங்கப்போகிறார்களாம். இலக்கியம் வென்றது. பொன்னாடை, கின்னாடை என்று உன் அம்மா ஏதாவது எழுதினால் பொருட்படுத்தாதே.

விற்றுத் தீர்ந்த மாமன்,
ஜெகதீசன்


புனே
20 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

சந்திரம்மாவின் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நல்ல வாசகி.

எந்தக் கம்பெனி வாங்கியது? யாருக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள்? பொன்னாடை எது?

திவ்யா


செங்கல்பட்டு
6 ஆகஸ்ட் 2025

அன்பு மருமகள் திவ்யாவுக்கு,

எல்லோரும் நலம். மழை இல்லை, வெயில் மட்டும் போனஸ் கொடுக்கிறது.

நீ கேட்ட கம்பெனி ஒரு கடலோர உல்லாச விடுதிக்காரர்கள். பெயரை என் பேனா எழுத மறுக்கிறது. மக்களுக்கு இலவசம் என்றார்களே, அந்த மக்கள் யார் தெரியுமா? ஓடைக்குப்பம் மட்டும். வீட்டுக்கு ஒரு பிரதி. உள்ளே வழவழவென்று ஓர் அட்டை செருகியிருக்கிறது. கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளின் படம். 'கடல் வரும் முன் கரை சேருங்கள்' என்று வாசகம். குப்பத்தார் கையெழுத்துப் போட்டு இடத்தைக் காலி செய்தால் ஆளுக்கொரு வீடாம். காலியான இடத்தில் இவர்கள் விடுதி கட்டுவார்களாம். குப்பம் மூழ்கும், விடுதி மட்டும் மிதக்கும் போலிருக்கிறது.

கூடவே ஒரு விஞ்ஞான அறிக்கையும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். 'இவ்விடம் வசிக்கத் தகுதியற்றது' என்று அதில் இருக்கிறதாம். அக்டோபரில் கலெக்டர் ஆபீஸில் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்குள் கையெழுத்து வாங்கிவிடப் பார்க்கிறார்கள்.

சந்திரம்மா மறுபடி வந்தாள். இந்த முறை கூடையை மெதுவாக இறக்கினாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூங்கொடிக்குக் கைக்குழந்தை இருக்கிறது. "அலை வந்தா புள்ளைய எங்க தூக்கினு போவேன்னு அழுதுகினே கீறா அண்ணாத்த. கையெழுத்துப் போடலாம்னு என் புள்ளையாண்ட சொல்லிக்கீறா. அவ படிச்சவ. நீ எழுதனத அப்டியே நம்பிட்டா" என்றாள்.

இத்தனை வருடம் நான் சொன்ன எதையும் ஒருவரும் நம்பியதில்லை. கடைசியில் ஒருத்தி நம்பினாள், அவள் இவளாகப் போய்விட்டாள்.

அந்த அறிக்கை எழுதியது புனேயில் இருக்கும் ஏதோ ஆபீஸாம். உனக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் என் சார்பில் நாலு வார்த்தை திட்டிவிடு.

மாமன்,
ஜெகதீசன்


செங்கல்பட்டு
1 செப்டம்பர் 2025

அன்பு மருமகள் திவ்யாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் கடிதம் வரவில்லை. தபால்காரரைப் பிடித்து உலுக்கினேன். அவர் பையில் மின்கட்டண நோட்டீஸ்தான் இருந்தது. உன் அம்மாவிடம் கேட்டால், "போன்ல நல்லாத்தான் பேசறா, உன்னப் பத்தி மட்டும் ஒன்னும் பேசமாட்டேங்கறா" என்கிறாள்.

அப்படியானால் பொன்னாடை விஷயம் உனக்குத் தெரிந்துவிட்டது போல. அதற்குத்தான் கோபம் என்று நினைக்கிறேன். சரி, நானே சொல்லிவிடுகிறேன். விடுதிக்காரர்கள் ஒரு விழா வைத்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'கடலோர அறிஞர்' என்று மைக்கில் சொன்னார்கள். எனக்குக் கடல் கொஞ்சம் தூரம், அறிவு அதைவிடத் தூரம். ஆனாலும் எழுந்து நின்று, "என் நாவலில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் விஞ்ஞான உண்மை" என்று முழங்கினேன். கை தட்டினார்கள், திவ்யா. குழுவிலிருந்து நீக்காமல், சிரிக்காமல், கை தட்டினார்கள். அந்தப் பேச்சை என் படத்தோடு போட்டு இப்போது இன்னொரு அட்டை அடித்திருக்கிறார்கள்.

ஏழு வீடுகள் கையெழுத்துப் போட்டாகிவிட்டன. சந்திரம்மா மகன் பேனாவைக் கையில் வாங்கிவிட்டு, எஞ்சினில் கோளாறு என்று சாக்குச் சொல்லி நழுவியிருக்கிறான். அடுத்த முறை அந்தச் சாக்கு செல்லாது.

கோபம் என்றால் கோபமாகவே ஒரு வரி எழுது.

மாமன்


புனே
18 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் மேல் கோபமும் இல்லை.

அந்த அறிக்கையில் கடல் பற்றிய பகுதியை எழுதியது நான்தான்.

ஜூனில் வேலை அதிகம் என்று எழுதினேனே, அது இதுதான். யாரோ ஒரு விடுதிக்காரர் என்று மட்டும்தான் அப்போது தெரியும். உங்கள் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நாலு வார்த்தை திட்டச் சொல்லியிருந்தீர்கள். கண்ணாடி முன்னால் நின்று முயற்சி செய்தேன்.

நான் எழுதியது பொய்யில்லை. அந்த மணல் வருடா வருடம் கரைகிறது. அங்கே ஆபத்து இருக்கிறது. ஆனால் நான் எழுதியது அத்தனையும் அச்சில் வரவில்லை. விடுதியும் அதே மணலில்தான் நிற்கப்போகிறது, அங்கே நிலையான எந்தக் கட்டடமும் கூடாது என்று எழுதியிருந்தேன். படகை மேலே இழுத்துக்கொள்ளலாம், நீச்சல்குளத்தை இழுக்க முடியாது என்றுகூட எழுதினேன். மேலாளர் அந்தப் பகுதியை, நீளமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டார். நானும் சரி என்றேன். சரி என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் மாமா என்னால் முழுங்க முடியவில்லை.

பூங்கொடியின் குழந்தை பையனா, பெண்ணா?

திவ்யா


செங்கல்பட்டு
26 செப்டம்பர் 2025

அன்பு திவ்யாவுக்கு,

பெண். பெயர் அனு. பல் முளைக்கிற நேரம், கண்டதையும் கடிக்கிறாள். என் நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தைத் தின்றுவிட்டாள். இதுவரை வந்த விமர்சனங்களில் அதுதான் நேர்மையானது.

உன் கடிதத்தை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "மாமனும் மருமவளும் ஒரே கம்பெனிக்குப் பேரு குடுத்துட்டு வந்துக்கீறீங்க" என்றாள். ஓடாத லாரியை நோக்கி வீரமாக நடந்து போய் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

உன்னை ஒன்றும் செய்யச் சொல்லமாட்டேன். உன் வேலை, உன் வாடகை, உன் வாழ்க்கை. நான் செய்யப்போவதை மட்டும் சொல்கிறேன். கூட்டத்துக்குப் போவேன். நான் அறிஞன் இல்லை, நான் எழுதியதில் கடல் வருவது வேண்டுமானால் அரைவாசி நிஜம், அந்த ஜனங்கள் ஓடுவது முழுப் புளுகு என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். பொன்னாடையை ஏற்கெனவே லாரிக்குத் தார்ப்பாய்க்குப் பதிலாகப் போர்த்திவிட்டேன். ஜரிகை என்பதால் தண்ணீர் ஒழுகுகிறது.

சாப்பிடு. தூங்கு.

மாமன்,
ஜெகதீசன்


புனே
6 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வெட்டிய பகுதியை என் பெயரோடும் பதவியோடும் கூட்ட அதிகாரிக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மேலாளருக்கும் ஒரு நகல் வைத்தேன். பின்னால் ஒளிந்துகொண்டு செய்த மாதிரி இருக்கக் கூடாது.

சாப்பிட்டேன். தூக்கம்தான் வரவில்லை. நீங்கள் அங்கே அதிகமாகப் பேசாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்.

திவ்யா


செங்கல்பட்டு
24 அக்டோபர் 2025

சமுத்திரராஜனே எழுந்து நின்று வணங்கும் மருமகள் திவ்யாவுக்கு,

ஆசிகள், ஆரவாரங்கள், அதிர்வேட்டுகள். என் ரத்த அழுத்தம் நலம், மருத்துவரின் ரத்த அழுத்தம்தான் ஏறியிருக்கிறது.

கூட்டம் முடிந்தது. சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

கிழக்கே மாமல்லபுரம், மேற்கே உத்திரமேரூர் என்று நாலு திசையிலிருந்தும் ஜனம் லட்சக்கணக்கில் திரண்டுவிட்டது. கொளவாய் ஏரியில் அன்று காலை முதல் அலை அடித்தது. கூழைக்கடாக்கள் அணிவகுத்து வந்து கலெக்டர் ஆபீஸ் மாடியில் அமர்ந்தன.

நம் ஓடும் லாரி வாசலுக்கு வந்து நின்றது. அதன் மேல் ஒரு படகு. படகுக்குள் சந்திரம்மா, பூங்கொடி, பூங்கொடி மடியில் அனு. ஓடைக்குப்பத்து ஆண்கள் படகைத் தோளில் ஏந்தி இறக்கி, கேட்டுக்கு நேரே வைத்தார்கள். ஒரு வலையை எடுத்து, அங்கிருந்து முதல் படி வரைக்கும் விரித்துவிட்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது, போட்ட எடு. இது இன்னா பீச்சா?"

சந்திரம்மா படகை விட்டு இறங்கவேயில்லை. நாவலைத் தூக்கிக் காட்டினாள். "கடலு இது வரைக்கும் வரும்னு புஸ்தகத்துல போட்டுக்கீது சார். கம்பெனிக்காரங்களே வூடு வூடா வந்து குடுத்தாங்க. கரை எங்க வருதோ அங்கதான எங்க எடம். அதான் கூட்டம் வர்றதுக்கு மின்னாடி துண்டு போட்டு வச்சிட்டோம்."

"துண்டா?"

"பஸ்ஸுல சீட்டு புடிக்கறப்ப துண்டு போடறதில்ல? எங்களுது கொஞ்சம் பெருசு."

போலீஸ்காரர் சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டார். பாதி மீசை அங்கேயே போயிற்று.

உள்ளே விடுதிக்காரர்களின் வக்கீல் என் நாவலை வாசித்தார். உலக வரலாற்றில் ஒரு வக்கீல் திமிங்கிலத்தை ஆதாரமாகக் காட்டியது அன்றுதான். உடனே நான் எழுந்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினேன். தூண்கள் நடுங்கின. கலெக்டர் கண்ணீர் விட்டார். அடுத்து உன் கடிதத்தை அதிகாரி வாசித்தார். நீச்சல்குளத்தை இழுக்க முடியாது என்ற இடத்தில் சபை மொத்தமும் எழுந்து நின்றது.

அதன் பிறகு அனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு பூங்கொடி எழுந்தாள். கம்பெனிக்காரரைப் பார்த்து, "உங்க ஓட்டலும் அதே மணல்ல தான சார் கீது? எங்களுக்குக் கேளம்பாக்கத்துல வூடு பாத்துக்கீறீங்க. உங்களுக்கு எங்க பாத்துக்கீறீங்க?" என்று கேட்டாள்.

அவர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். விடுதிக்கு என்ன ஆபத்து என்பதையும் சேர்த்துப் புதிதாக அறிக்கை வேண்டும் என்று உத்தரவு. கையெழுத்துப் போட்ட ஏழு வீட்டாரும் அங்கேயே வாபஸ் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்தால் சமுத்திரத்திலிருந்து ஒரே ஒரு அலை திருக்கழுக்குன்றம் தாண்டி வந்து, கேட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனது.

வெற்றி மாமன்,
ஜெகதீசன்


புனே
3 நவம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்து, பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மா என்ன ஆயிற்று என்று வந்து கதவைத் தட்டும் அளவுக்குச் சிரித்தேன்.

கூட்டம் ஒத்திவைத்தது உண்மை என்று எனக்கே தெரியும். பூங்கொடி கேட்டது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அதை எங்கள் மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்தார். பிறகு என்னை ராஜினாமா செய்யச் சொன்னார். மாட்டேன், நீங்களே நீக்குங்கள், காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்றேன். இன்னும் காரணம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நானும் தினமும் ஒன்பதரைக்கு ஆபீஸ் போய் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மற்றபடி அந்தக் கடிதத்தில் எது நிஜம்? என்னிடமாவது சொல்லுங்கள். குறிப்பாக, செங்கல்பட்டு ஊருக்குள் படகு வந்தது என்பதெல்லாம் உங்களுக்கே அதிகமாகத் தெரியவில்லையா?

அன்புடன்,
திவ்யா


செங்கல்பட்டு
12 நவம்பர் 2025

நாற்காலியை விடாத மருமகள் திவ்யாவுக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். நீ உட்கார்ந்திருப்பது நலத்திலும் நலம்.

நிஜம் கேட்கிறாய். என் பிழைப்பில் மண் போடுகிறாய். போகட்டும், உனக்காக.

லட்சம் ஜனம் இல்லை. அரங்கில் பாதி நாற்காலி காலி. கொளவாயில் அலை இல்லை, ஆகாயத்தாமரைதான். கூழைக்கடாக்கள் வரவில்லை, ஒரு காக்கா இருந்தது. கலெக்டருக்கு ஜலதோஷம். போலீஸ்காரர் மீசை இல்லாதவர். ஒன்றரை மணி நேரம் நான் பேசவில்லை. மைக் வேலை செய்யவில்லை. "நான் எழுதனது கதைங்க. அவங்க ஓடமாட்டாங்க" என்று சொன்னேன். யாருக்குக் கேட்டதோ தெரியாது. உட்கார்ந்துவிட்டேன். உன் கடிதத்துக்குச் சபை எழுந்து நிற்கவில்லை. நீச்சல்குளம் வரியை அதிகாரி இரண்டாம் முறை வாசித்தார், அது அதைவிடப் பெரிது. வாபஸ் வாங்கியது ஏழு வீடு இல்லை, நாலு. மீதி மூன்று வீட்டுக்கும் சந்திரம்மா தினமும் மீனோடு போய் வருகிறாள். அலை எதுவும் வந்து கும்பிடவில்லை. கம்பெனி மறுபடி வரும். கடலும் வரும், நீ சொன்ன அரிசி மணி கணக்கில். சந்திரம்மாவிடம் அதைச் சொன்னேன். "வரட்டும். வந்தா பின்னால நவுந்துக்கறோம். இவனுங்க சொல்லி நவுற மாட்டோம்" என்றாள்.

படகு மட்டும் நிஜம்.

என் லாரியில்தான் வந்தது. வழியில் ரயில்வே கேட் அருகே கலைவாணன் பார்த்துவிட்டு, கடல் மேட்டுத் தெருவுக்கும் வந்துவிட்டதா என்று சந்தோஷமாகக் கேட்டார். துண்டு போட்டதும் நிஜம், அவள் சொன்னதும் ஒரு வார்த்தை மாறாமல் நிஜம். சாயங்காலம் படகைத் திருப்பி ஏற்றும்போது வலையின் ஓரம் கலெக்டர் ஆபீஸ் கேட்டுக் கம்பியில் மாட்டிக் கிழிந்து, ஒரு துண்டு அங்கேயே நின்றுவிட்டது. கழற்றப் போனேன்.

"வுடு அண்ணாத்த, இருக்கட்டும்" என்றாள் சந்திரம்மா.

இன்று காலை அந்தப் பக்கம் போனேன். அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது.

மாமன்,
ஜெகதீசன்